‘டஸ்டி இன் மெம்பிஸ்’: மெம்பிஸில் பாடப்படாத மெம்பிஸ் ஆல்பம்

பழைய தட்டு (கேள்வி):

கறுப்பின அமெரிக்கர்களின் தேவாலயப் பாடல் மரபில் வேர்கொண்ட சோல் இசையைப் பற்றிய பேச்சில் தவறாமல் இடம்பெறும் ஆல்பங்களுள் ஒன்று, பிரிட்டிஷ் பாடகி டஸ்டி ஸ்ப்ரிங்ஃபீல்ட் பாடி 1969-இல் வெளிவந்த ‘டஸ்டி இன் மெம்பிஸ்’. அண்மைக் காலமாக அதைத் தொடர்ந்து கேட்டு வருகிறேன். கேட்கக் கேட்க வியப்பு கூடுகிறது. கூடவே இரண்டு ஐயங்களும் எழுந்துள்ளன.

முதலாவது, அதன் உருவாக்கம் பற்றியது. 1968 செப்டம்பரில், அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள மெம்பிஸ் நகரின் அமெரிக்கன் சவுண்ட் ஸ்டுடியோவில் பதிவு நடந்தது என்றும், ஆனால் இறுதியில் தட்டில் இடம்பெற்ற குரல் முழுவதும் பின்னர் நியூயார்க்கில் பதிவானது என்றும் படித்தேன். அப்படியானால் தலைப்பில் இருக்கும் மெம்பிஸுக்கு என்ன பொருள்? அது விற்பனைக்காக ஒட்டப்பட்ட பெயர்தானா, அல்லது அந்த நகரம் உண்மையிலேயே அந்த இசைக்குள் இருக்கிறதா?

இரண்டாவது, அதன் வரவேற்பு பற்றியது. ‘சன் ஆஃப் எ ப்ரீச்சர் மேன்’ என்ற பாடல் அட்லாண்டிக் பெருங்கடலின் இரு கரைகளிலும் முதல் பத்து இடங்களுக்குள் வந்த பெரும் வெற்றி. அதைத் தாங்கி வந்த ஆல்பம் மட்டும் ஏன் அப்படித் தோற்றது? வெளிவந்தபோது விமர்சகர்களும் அதைப் புறக்கணித்தார்களா, அல்லது அது பின்னால் கட்டப்பட்ட கதையா? இதை ஊன்றிக் கேட்டவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

ஒலிப்பதிவு நேசன்:

முதல் கேள்விக்கு விடை காண, தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர் அதுவரை எந்த முறையில் வேலை செய்துவந்தார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நியூயார்க்கைச் சேர்ந்த அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்தின் பங்காளரான அவர், அந்நகர ஸ்டுடியோக்களின் வழக்கத்தில் சலிப்படைந்து, 1965-இல் பாடகர் வில்சன் பிக்கெட்டை மெம்பிஸின் ஸ்டாக்ஸ் ஸ்டுடியோவுக்கும், 1967 தொடக்கத்தில் பாடகி அரீதா ஃபிராங்க்ளினை அலபாமா மாநிலத்து மஸில் ஷோல்ஸுக்கும் அழைத்துச் சென்றவர். தெற்கே அவருக்குப் பிடித்துப்போனது ஒன்றுதான். அங்கே இசையமைப்பாளர் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து யாரும் வாசிப்பதில்லை. பாடலின் டெமோவை, அதாவது மாதிரிப் பதிவை, கேட்பார்கள். கார்டுகளை (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டுகளை) சுருக்கமாகக் குறித்துக்கொள்வார்கள். பாடகர் அதே அறையில் நின்று பாட, அந்தக் குரல் போகும் போக்குக்கு ஏற்ப ஒவ்வொருவரும் தம் பகுதியைத் தாமே கண்டுபிடிப்பார்கள். பாட்டின் வடிவம் அந்த அறையில், அந்த நேரத்தில் பிறக்கும்.

டஸ்டி வளர்ந்த முறை இதற்கு நேர்மாறானது. லண்டனில் ஃபிலிப்ஸ் நிறுவனத்துக்காக அவர் பாடியபோது இசைக்குழுவின் பகுதி முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும், முழுமையாகப் பதிவாகியிருக்கும். அதன் மேல் தம் குரலைச் சொற்சொல்லாக, சில வேளைகளில் அசையசையாகச் செதுக்கிச் சேர்ப்பது அவர் வழக்கம். 1966-இல் பெரும்புகழ் பெற்ற ‘யூ டோன்ட் ஹேவ் டு சே யூ லவ் மீ’ பாடலுக்கு வேண்டிய எதிரொலி ஸ்டுடியோ அறைக்குள் கிடைக்கவில்லை என்பதற்காகக் கட்டடத்தின் மாடிப்படியில் நின்று பாடியவர் அவர். இப்படிப்பட்ட ஒருவரைச் சிப்ஸ் மோமனின் அமெரிக்கன் ஸ்டுடியோவில் நிறுத்தி, பாதி உருவான தாளத்தின் மேல் மாதிரிக்குப் பாடச் சொன்னால் அவர் வாய் திறக்காததில் வியப்பில்லை.

பாடல் தேர்விலேயே இந்த இழுபறி தொடங்கிவிட்டது. வெக்ஸ்லரின் நினைவுக்குறிப்புப்படி, அவர் தம் வீட்டில் எழுபது எண்பது டெமோக்களைப் போட்டுக் காட்ட, டஸ்டி ஒன்றைக்கூட ஏற்கவில்லை. சில மாதங்கள் கழித்து அதே குவியலிலிருந்து இருபதை எடுத்துக் காட்டியபோது எல்லாவற்றையும் விரும்பினார். தட்டில் இறுதியாக நின்ற 11 பாடல்களின் எழுத்தாளர்களைப் பாருங்கள்: ஜெர்ரி காஃபின், கரோல் கிங் இணையின் நான்கு பாடல்கள், ராண்டி நியூமனின் இரண்டு, பாரி மான், சிந்தியா வைல் இணையின் ஒன்று, பர்ட் பேக்கராக், ஹால் டேவிட் இணையின் ஒன்று. பெரும்பாலும் நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ் நகரங்களின் தொழில்முறைப் பாடலாசிரியர்கள். தெற்கத்திய மண்ணிலிருந்து வந்தவை ‘சன் ஆஃப் எ ப்ரீச்சர் மேன்’, ‘பிரேக்ஃபாஸ்ட் இன் பெட்’ ஆகிய இரண்டும்தான் என்று சொல்லலாம்.

ஆகவே மெம்பிஸ் எங்கே இருக்கிறது என்றால், அந்த வாத்தியக்காரர்களின் கைகளில் இருக்கிறது. ரெஜி யங்கின் கிதார், டாமி காக்பில்லின் பேஸ் கிதார், ஜீன் கிறிஸ்மனின் டிரம்ஸ், பாபி எம்மன்ஸ், பாபி வுட் இருவரின் கீபோர்டுகள். ‘சன் ஆஃப் எ ப்ரீச்சர் மேன்’ தொடங்கும் கிதார் வரியை மட்டும் தனியே கவனியுங்கள். அதில் எத்தனை இடைவெளி விட்டிருக்கிறார் ரெஜி யங்! ஒரு சிறு சொற்றொடரைச் சொல்லிவிட்டு நிறுத்துகிறார். அந்த நிறுத்தத்துக்குள் பேஸ் வந்து உட்காருகிறது. அதற்குப் பிறகுதான் குரல், ஏறத்தாழப் பேச்சுத் தொனியில், தாழ்ந்த ஸ்தாயியில் நுழைகிறது. நியூயார்க்கில் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தாலும் அந்தச் சோம்பலான உறுதி வந்திருக்காது. தயாரிப்பில் உடனிருந்த ஆரிஃப் மார்டினும் டாம் டவுடும் வயலின்களையும் ஊதுகருவிகளையும் சேர்த்தபோது அந்த இடைவெளிகளை அடைத்துவிடாமல் விட்டார்கள் என்பது இந்த ஆல்பத்தின் பெரும்பேறு. என் வரையில் தலைப்பு முற்றிலும் நேர்மையானதே.

மெல்லிசை வாசகி:

மேலே நேசன் அவர்கள் எழுதியதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடே. ஆனால் இந்தக் கதை எப்போதும் வெக்ஸ்லரின் வாய்வழியாகவே சொல்லப்படுவதும், அதில் டஸ்டி பிடிவாதக்காரியாக மட்டும் தோன்றுவதும் எனக்கு நெடுநாளாக உறுத்தும் விஷயம். ஹெட்ஃபோனில் இசையைத் தம் குரலே தமக்குக் கேட்காத அளவுக்கு உரக்க வைக்கச் சொன்னார் என்பதும் வெக்ஸ்லர் சொன்னதுதான். அது உண்மையாகவே இருக்கட்டும். அந்த நிலையில் ஒருவர் பாடினால் குரல் கத்தலாக அல்லவா வெளிவர வேண்டும்? இந்தத் தட்டில் எந்த இடத்திலாவது அவர் கத்துகிறாரா? உரத்த இசைக்கு நடுவே, உடல் நினைவை மட்டும் நம்பி, மூச்சளவில் பாடும் கட்டுப்பாடு அசாதாரணமான தேர்ச்சி. அதைக் குணக்கோளாறாக எழுதிவிட்டுப் போவது நியாயமில்லை.

அவருடைய லண்டன் இசைத்தட்டுகளில் தயாரிப்பாளர் என்று ஜானி ஃபிரான்ஸின் பெயர் இருந்தாலும், ஒலி எப்படி அமைய வேண்டும் என்பதில் டஸ்டியின் முடிவுகளே பெரிதும் செல்லுபடியாயின என்பது அவரைப் பற்றி எழுதியவர்கள் பலரும் சொல்வது. அந்தப் பெயரில்லாத பொறுப்பை ஏற்றுப் பழகிய ஒருவர், முன்பின் தெரியாத ஊரில், தமக்கு முன் ஒத்திகை பார்க்காத குழுவின் நடுவே, மூன்று அனுபவமிக்க ஆண் தயாரிப்பாளர்களின் பார்வையில் நிற்கிறார். இந்த இடத்தில் நின்றுதான் வில்சன் பிக்கெட் பாடினார் என்று அவரிடம் பெருமையாகச் சுட்டிக் காட்டினார்களாம். ஊக்கப்படுத்தவே அப்படிச் சொல்லியிருப்பார்கள். ஆனால் கறுப்பினப் பாடகர்களின் இசையை உயிராக நேசித்து, அவர்களோடு தம்மை ஒப்பிட்டுத் தம்மைத் தாமே குறைவாக எடைபோடும் வழக்கமுள்ள ஒருவருக்கு அந்தச் சொல் தொண்டையை அடைத்துவிடாதா?

அந்த நேசம் மேடைப் பேச்சு அல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 1964 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றபோது, நிறவாரியாகப் பிரிக்கப்பட்ட அவைகளில் பாட மறுத்ததால் அந்நாட்டு அரசு அவரை வெளியேற்றியது. 1965-இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் மோட்டவுன் என்ற அமெரிக்க சோல் இசை நிறுவனத்தின் கலைஞர்களை அறிமுகப்படுத்திய சிறப்பு நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கியவரும் அவரே. அதனால் மெம்பிஸுக்கு அவர் போனது, மார்ட்டின் லூதர் கிங் அதே நகரில் கொல்லப்பட்டு ஐந்தே மாதங்கள் ஆகியிருந்த நேரத்தில், ஒரு சுற்றுலாப் பயணியின் மனநிலையில் அல்ல என்றே நான் நம்புகிறேன்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. பாடகி லண்டனில் பிறந்த ஐரிஷ் வம்சாவளி வெள்ளைப் பெண். அமெரிக்கன் ஸ்டுடியோவின் குழுவினரும் வெள்ளையர்கள். ஆரிஃப் மார்டின் துருக்கியில் பிறந்தவர். பின்னணியில் பாடிய ‘ஸ்வீட் இன்ஸ்பிரேஷன்ஸ்’ பெண்கள்தான், அரீதாவுக்கும் பின்னணி பாடிய அவர்கள்தான், தேவாலயத்தின் குரலை நேரடியாகக் கொண்டுவந்தவர்கள். அவர்களோடு டஸ்டி போட்டியிடுவதில்லை. அவர்கள் எழும்போது இவர் தணிகிறார். ‘சன் ஆஃப் எ ப்ரீச்சர் மேன்’ முதலில் அரீதாவுக்காக வந்து, அவர் வேண்டாமென்று விட்டது. டஸ்டியின் பதிவு வெற்றி பெற்ற பிறகு அரீதாவும் அதைப் பாடி 1970-இல் வெளியிட்டார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். அரீதா அந்தக் கதையின் மேல் ஏறி நின்று சாட்சி சொல்கிறார். டஸ்டி அதை ஒரு தோழியின் காதோடு சொல்கிறார். எது உயர்ந்தது என்ற கேள்வியே எழவில்லை எனக்கு. டஸ்டி தமக்கான வழியைக் கண்டுகொண்டார் என்பதே போதும். நியூயார்க்கில், யாரும் தம்மை அவசரப்படுத்தாத நிலையில் பாடியதால்தான் அது கைகூடியது.

மற்றொரு வாசகர் (விற்பனையும் விமர்சனமும்):

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ‘சன் ஆஃப் எ ப்ரீச்சர் மேன்’ 1968-இன் இறுதியில் சிங்கிளாக (தனிப்பாடல் தட்டாக) வெளிவந்து அமெரிக்காவில் 10-ஆம் இடத்தையும் பிரிட்டனில் 9-ஆம் இடத்தையும் தொட்டது. 1969-இல் வெளிவந்த ஆல்பமோ அமெரிக்காவின் பில்போர்ட் ஆல்பம் பட்டியலில் 99-ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. பிரிட்டனின் ஆல்பம் பட்டியலில் நுழையவே இல்லை. 1964, 1965 ஆண்டுகளில் அவருடைய இரண்டு ஆல்பங்கள் பிரிட்டனில் 6-ஆம் இடம் வரை சென்றிருந்ததை வைத்துப் பார்த்தால் இது பெரிய சரிவு.

ஆனால் விமர்சகர்கள் கைவிட்டார்கள் என்பது சரியல்ல. ‘ரோலிங் ஸ்டோன்’ இதழில் கிரைல் மார்கஸ் அந்த ஆண்டே இதைப் பாராட்டி எழுதினார். கிராமி விருதுக்கும் டஸ்டியின் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. அதாவது, எழுதுபவர்கள் கேட்டார்கள், வாங்குபவர்கள் வாங்கவில்லை. பின்னாளில் யாரோ தூசி தட்டிக் கண்டெடுத்த புதையல் என்ற சித்திரம் பாதிதான் உண்மை.

வாங்குபவர்கள் ஏன் வாங்கவில்லை என்பதற்கு என் கணிப்பைச் சொல்கிறேன். முதற்காரணம், வெற்றி பெற்ற பாடல் ஆல்பத்தின் முகமாக இல்லை. அந்த ஒரு பாடலின் துள்ளலைக் கேட்டுத் தட்டை வாங்குபவர், ஊசியை வைத்ததும் ‘ஜஸ்ட் எ லிட்டில் லவ்வின்’ என்ற மெதுவான காலைநேரப் பாடலை எதிர்கொள்கிறார். அடுத்து வருவது கரோல் கிங்கின் ‘சோ மச் லவ்’. அதிலும் அவசரமில்லை. ஆல்பத்தின் பெரும்பகுதி இப்படிக் குரல் தாழ்த்திப் பேசும் பாடல்களால் ஆனது. நடனத்துக்காக சோல் தட்டு வாங்கியவர்களுக்கு இது மென்மையாகப்பட்டிருக்கும். பேரிசைக்குழுவின் முழக்கத்தோடு அழுது தீர்க்கும் டஸ்டியை எதிர்பார்த்த பழைய ரசிகர்களுக்கு இது அடங்கிப்போனதாகத் தோன்றியிருக்கும். பிரிட்டனில் 1968 நவம்பரில்தான் ஃபிலிப்ஸ் அவருடைய வேறொரு ஆல்பத்தை வெளியிட்டிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சில மாதங்களுக்குள் இன்னொன்றை வாங்க எத்தனை பேர் முன்வருவார்கள்?

மற்றொன்றும் உண்டு. அதே ஸ்டுடியோவுக்கு, ஏறத்தாழ அதே வாத்தியக்காரர்களிடம், 1969 ஜனவரியில் எல்விஸ் பிரெஸ்லி வந்தார். அங்கே பதிவான ‘சஸ்பிஷியஸ் மைண்ட்ஸ்’ அந்த ஆண்டின் இறுதிக்குள் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது; அந்தப் பதிவுகளிலிருந்து உருவான ஆல்பமும் தலைப்பில் மெம்பிஸைத் தாங்கி ஜூன் மாதம் வந்தது. எல்விஸுக்கு மெம்பிஸ் என்றால் வீடு திரும்புதல். அந்தக் கதை மக்களுக்கு உடனே புரிந்தது. ஓர் ஆங்கிலேயப் பாடகிக்கு மெம்பிஸில் என்ன வேலை என்பதை 1969-இன் கடைத்தெரு வாடிக்கையாளருக்கு விளக்கிச் சொல்ல யாரும் இல்லை.

அட்லாண்டிக் நிறுவனம் இந்த முயற்சியை விரிவாக்கவும் இல்லை. அடுத்த ஆல்பத்துக்கு அவர் ஃபிலடெல்ஃபியாவுக்கு, கென்னத் கேம்பிள், லியான் ஹஃப் என்ற தயாரிப்பாளர் இருவரிடம் சென்றார். மெம்பிஸ் அத்தியாயம் ஒரே தட்டோடு முடிந்தது. மதிப்பு மெல்ல மெல்லத்தான் ஏறியது. 1987-இல் ‘பெட் ஷாப் பாய்ஸ்’ இணையோடு அவர் பாடிய பாடல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 2-ஆம் இடம் வரை சென்றபோது ஒரு புதிய தலைமுறை அவர் பெயரைத் தேடத் தொடங்கியது. 1994-இல் குவென்டின் டாரன்டினோவின் ‘பல்ப் ஃபிக்‌ஷன்’ திரைப்படத்தில் ‘சன் ஆஃப் எ ப்ரீச்சர் மேன்’ ஒலித்தது இன்னும் பரவலான பயனைத் தந்தது. ‘ரோலிங் ஸ்டோன்’ வெளியிட்ட தலைசிறந்த 500 ஆல்பங்களின் பட்டியலில் முதல் நூறுக்குள் அது இடம்பெற்றது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகமும் பாதுகாக்கப்பட வேண்டிய ஒலிப்பதிவுகளின் பதிவேட்டில் அதைச் சேர்த்துக்கொண்டது. இவ்விரண்டும் அவர் மறைவுக்குப் பின் வந்தவை என்றாலும், 1999 மார்ச்சில் மார்பகப் புற்றுநோயால் மறைவதற்கு முன்பே தம் ஆல்பம் செவ்வியல் தகுதி பெற்றுவிட்டதை டஸ்டி பார்த்துவிட்டார் என்பது எனக்கு மனநிறைவளிக்கும் செய்தி.

பழைய தட்டு:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இடைவெளிகளைப் பற்றி நேசன் அவர்கள் எழுதியதைப் படித்த பின் ‘ஐ டோன்ட் வான்ட் டு ஹியர் இட் எனிமோர்’ பாடலை மறுபடி கேட்டேன். தன் காதலனைப் பற்றி அண்டை வீட்டார் பேசுவதை மெல்லிய சுவர்களின் வழியே ஒரு பெண் கேட்டுக்கொண்டிருக்கும் பாடல் அது. வாத்தியங்கள் அடர்த்தியாக இருந்திருந்தால் அந்தச் சுவரே நமக்குத் தோன்றியிருக்காது. வாசகி அவர்களிடம் ஒரு கேள்வி: ‘பிரேக்ஃபாஸ்ட் இன் பெட்’ பாடலில் ‘யூ டோன்ட் ஹேவ் டு சே யூ லவ் மீ’ என்ற அவருடைய பழைய வெற்றிப் பாடலின் தலைப்பு அப்படியே ஒரு வரியாக வருகிறதே, அது தற்செயலா? இந்த ஆல்பத்தை எந்தப் பதிப்பில் கேட்பது நல்லது என்பதையும் சொல்லுங்கள்.

மெல்லிசை வாசகி:

எடி ஹின்டனும் டோனி ஃபிரிட்ஸும் எழுதிய பாடல் அது. டஸ்டி பாடும்போது அந்த வரி தற்செயலாக ஒலிக்க வழியே இல்லை. 1966-இல் அதே சொற்களை அவர் இசைக்குழுவின் உச்சத்தில் நின்று மன்றாடலாகப் பாடினார். இங்கே அதே சொற்கள், இன்னொருத்தியிடம் திரும்பிப் போகவிருக்கும் ஒருவனைத் தேற்றும் குரலில், எந்த எதிர்பார்ப்பும் இல்லாமல் வந்து போகின்றன. ஒரு பாடகி தம் பழைய பாடலுக்குத் தாமே எழுதிய மறுமொழிபோல அது இருக்கிறது. அந்த இரு பாடல்களுக்கும் இடைப்பட்ட தூரந்தான் இந்த ஆல்பம் என்றுகூடச் சொல்வேன்.

பதிப்பைப் பொறுத்தவரை, முதலில் மூலத்திலுள்ள 11 பாடல்களை அதே வரிசையில், வேறு எதையும் சேர்க்காமல் கேளுங்கள். பிறகு ரைனோ நிறுவனம் 1999-இல் வெளியிட்ட விரிவான பதிப்புக்குச் செல்லலாம். அதில் 14 பாடல்கள் கூடுதலாக உள்ளன. 1971-இல் ஜெஃப் பாரியின் தயாரிப்பில் அட்லாண்டிக்குக்காக அவர் பாடி, வெளிவராமலே போன பாடல்கள் சிலவும் அதில் இருக்கின்றன. 1978-இல் நியூ ஜெர்சியின் லாங் பிராஞ்சில் அட்லாண்டிக்கின் நாடாக்கள் வைக்கப்பட்டிருந்த கிடங்கு எரிந்தபோது அந்நிறுவனத்தின் வெளிவராத பதிவுகள் ஏராளமாக அழிந்தன. இப்பாடல்கள் நமக்கு எஞ்சியிருப்பதே பெரிது. மெம்பிஸ் வாத்தியக்காரர்கள் இல்லாமலும் அவர் அதே தாழ்ந்த குரலைக் கைக்கொள்கிறாரா என்று அவற்றில் கவனித்துப் பாருங்கள். அவற்றுள் சிலவற்றில் கைக்கொள்கிறார் என்பது என் எண்ணம். நேசன் அவர்களுக்கு மாற்றுக் கருத்து இருக்கக்கூடும்.